முழுப் பட்டியலையும் வாசித்தவர்

கறுப்புத் திரையில் கட்டளை எழுதி ஒரு கருவியை நிறுவும்போது, கணினி எடுத்த எடுப்பில் வேலையைத் தொடங்காது. அந்தக் கருவியோடு கூட என்னென்ன வந்து சேரும், எதெது போகும் என்று ஒரு பட்டியலைக் காட்டும். அதன் கீழே, தொடரலாமா என்று கேட்டுவிட்டு, சம்மதத்துக்கு அடையாளமான ஒய் என்ற ஆங்கில எழுத்துக்காகக் காத்திருக்கும். அந்த இடத்தில் எல்லோரும் ஒய் அழுத்துவார்கள். நானும் பல வருடமாகக் கணினியோடு கிடக்கிறேன். பட்டியலை வாசித்துவிட்டு அழுத்துகிற ஆளாக ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். எங்களிடம் நான்கு வருடம் வேலை செய்தார். நாங்கள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் முதலில் இதை அவர் முழுவதும் வாசித்துப் பார்க்க வேண்டிவரும். அந்தச் சிரமத்தை அவருக்கு இன்னொரு தடவை கொடுக்க எனக்கு மனமில்லை.

எங்கள் அலுவலகம் பதுளை பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஆறு பேர் வேலை செய்தோம். நான் பொறுப்பாளர். ஊவாவில் பத்தொன்பது தோட்டங்களில் மழைமானி வைத்திருந்தோம். ஒவ்வொரு மழைமானியும் தன் அளவை எங்கள் அலுவலகத்து மூலையில் இருந்த ஒரு பழைய கணினிக்கு அனுப்பும். மழை குறித்த அளவைத் தாண்டினால், அந்தத் தோட்டத்து லயங்களில், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், இருக்கிறவர்களின் போன்களுக்கு அந்தக் கணினியிலிருந்து செய்தி போகும்: மண் சரியலாம், எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உதவியில் நடந்த வேலை அது. அந்தக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளத்தான் அவர் வந்தார். அப்போது முப்பது வயதிருக்கும். பசறை வீதியில் ஏறிப் போனால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் பிறந்தவர். அங்கிருந்தே தினமும் பஸ்ஸில் வந்து போனார்.

முதல் நாள் கொடுத்த வேலை சின்னது. அவருடைய கணினியில் ஒரு கருவியை நிறுவ வேண்டும். காலையில் சொன்னேன். பகல் சாப்பாட்டுக்குப் போகிறபோது பார்த்தால் அந்தக் கேள்வி இன்னும் திரையில் அப்படியே நின்றது.

“என்ன மிஸ், இன்னும் போடலியா?”

“போடல சார். நூத்தி நாப்பத்தி ரெண்டு சாமான் கூட வருதுன்னு சொல்லுது. எம்பது வரைக்கும் பாத்துட்டேன்.”

“அதெல்லாம் அதுவே பாத்துக்கும்.”

“எது சார் பாத்துக்கும்?”

நான் சாப்பிடப் போய்விட்டேன். பின்னேரம் மூன்று மணிக்கு அவர் ஒய் அழுத்தினார். அதற்குமுன் ஒரு கொப்பியில், இந்தக் கருவியைப் பிறகு கணினியிலிருந்து எடுப்பதென்றால் எப்படி எடுப்பது என்று எழுதி வைத்துக்கொண்டார். நாள் முழுவதும் இதற்கே போனால் இவரை வைத்து என்ன செய்வது என்று நான் அன்றைக்கே யோசித்தேன்.

வாசிப்பதில் அவருக்கு இன்பம் இருந்ததாகத் தெரியவில்லை. மூட்டை தூக்குகிறவர் மாதிரி வாசிப்பார். கொஞ்சம் வாசித்ததும் நிறுத்தி, இரண்டு புருவத்துக்கும் நடுவில் பெருவிரலை வைத்து அழுத்துவார். பிறகு திரும்ப எடுப்பார். பஸ் டிக்கட்டின் பின்பக்கம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், மாடிப்படியில் ஒட்டியிருக்கும் சிங்கள அறிவித்தல், எதையும் விடமாட்டார். எங்களோடு வேலை செய்த ரிஸ்வான் பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். தோட்டங்களுக்குப் போய் மழைமானிகளைப் பார்த்துவிட்டு வருவது அவனுடைய வேலை. அவன்தான் அவரைக் கிண்டல் பண்ணுவான்.

“மிஸ், பிஸ்கட் பக்கெட்டுல எழுதியிருக்கிறத சட்டுனு வாசிச்சு முடிங்க. எங்கட தேத்தண்ணி ஆறுது.”

அவர் சிரிப்பார். ஆனால் வாசித்து முடித்துவிட்டுத்தான் பக்கெட்டைப் பிரிப்பார்.

ஒருமுறை ரிஸ்வான் போனில் ஏதோ புதிய செயலி ஒன்றைப் போட்டான். சம்மதம் என்று இருந்த இடங்களிலெல்லாம் அழுத்திக்கொண்டே போனான். அவர் அந்தப் போனைக் கேட்டு வாங்கி, சாப்பிடாமல் அரைமணி நேரம் வாசித்தார்.

“ரிஸ்வான், இது ஒங்க போன்ல இருக்க எல்லா நம்பரையும் எடுத்துக்கும்னு எழுதியிருக்கு. ஒங்க உம்மாட நம்பரையும் சேத்துதான்.”

அவன் முகம் மாறிப்போய் அப்போதே அதை எடுத்துவிட்டான். எடுத்ததோடு விடவில்லை அவர். எடுத்த பிறகும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று இன்னும் கொஞ்ச நேரம் தேடினார்.

அந்தத் தேடலை நான் நன்றாக அறிவேன். ஒருமுறை அலுவலகத்துக் கணினிகளில் இருந்து ஒரு பழைய கருவியை எடுக்கச் சொன்னேன். எடுக்கும் கட்டளை ஒரே வரிதான். அவர் எடுத்துவிட்டு, அந்தக் கருவியின் பெயரை எழுதிக் கூப்பிட்டுப் பார்த்தார். அது பதில் சொன்னது. எடுத்தாகிவிட்டது என்று ஒரு நிமிடத்துக்கு முன்தான் கணினி சொல்லியிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. அவருக்கு எரிச்சல் வரவில்லை. தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“ஒரே ஆளு மூணு வாசலால உள்ள வந்திருக்காரு சார். ஒரு வாசலத்தான் நாம மூடியிருக்கோம்.”

அவருக்கு முன்னால் அங்கே வேலை செய்தவர்கள் ஒவ்வொருவரும் அதே கருவியை ஒவ்வொரு வழியில் நிறுவியிருந்தார்கள். மூன்றையும் தேடி எடுத்து, அவை விட்டுப்போன அமைப்புக் கோப்புகளையும், ஒவ்வொருவருடைய கோப்புறைக்குள்ளும் பெயருக்கு முன்னால் புள்ளியோடு ஒளிந்திருந்தவற்றையும் எடுத்து முடிக்க இரண்டு நாளானது. அந்த இரண்டு நாளில் நான் ஒருதரம் சத்தம் போட்டேன்.

“மிஸ், வேலைக்கு வந்தா வேலைய முடிக்கப் பாருங்க. பரீட்சைக்கா படிக்கிறீங்க?”

“கோவிச்சுக்காதீங்க சார். எனக்கும் களைப்பாத்தான் இருக்கு” என்றார். அதைச் சொன்ன விதத்தில் மறுப்பு ஒன்றும் இல்லை. உண்மையாகவே களைத்துப்போன ஒருவர் சொல்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நான் சத்தம் போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவருக்கு ஓய்வு கிடையாது என்று ரிஸ்வான் மூலம்தான் தெரிந்தது. அவருடைய தோட்டத்து மழைமானியைப் பார்க்க ஒரு ஞாயிறு போயிருக்கிறான். லயத்து வாசலில் ஏழெட்டுப் பேர் கையில் தாள்களோடு நின்றார்களாம். தோட்டத்து அலுவலகமான கந்தோரிலிருந்து வந்தது, வங்கியிலிருந்து வந்தது, பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. பாதி சிங்களத்தில், பாதி ஆங்கிலத்தில். அவர் ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்து, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வார். எதில் ஒப்பமிடலாம் எதில் கூடாது என்று சொல்லவே மாட்டார். இதில் இப்படி இருக்கிறது, இனி உங்கள் விருப்பம் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். பஸ் வரத் தாமதமான ஒரு மாலை, துணிக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தோம்.

“எங்க லயத்துக்குப் பின்னால அப்பா ஒரு மரக்கறித் தோட்டம் வச்சிருந்தாரு சார். பீன்ஸ், நோக்கோல் எல்லாம் நல்லா வரும். ஒருநாள் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல வச்சு ஒரு தாளக் குடுத்தாங்களாம். அப்பா பெருவிரல வச்சிட்டாரு. அன்னைக்கு நா பள்ளிக்கூடம் போயிருந்தேன்.”

“அப்புறம்?”

“அடுத்த மாசம் அந்த எடத்துல தேயிலக் கன்னு நட்டாங்க. நீயே எழுதிக் குடுத்ததுதானேன்னாங்க. அப்பா யாரையும் ஒண்ணும் சொல்லல. எனக்கு அந்தத் தாள ஒருதரம் பாக்கணும்னு இருந்துச்சு. யாரும் காட்டல.”

பஸ் வந்துவிட்டது. அதைப் பற்றி அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரமும் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்ததற்கு, அந்த நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்ற எண்ணமும் ஒரு காரணம்.

மூலையில் இருந்த அந்தக் கணினியில் எங்கள் நிரல் பைத்தான் என்ற மொழியில் ஓடியது. நிரலைப் புதுப்பித்தபோது புதிய பைத்தான் தேவைப்பட்டது. அவர் பழையதைத் தொடாமல், பக்கத்திலேயே புதியதை நிறுவினார். அந்தக் கணினி தன் சொந்த வேலைகளுக்கே பழைய பைத்தானைத்தான் நம்பியிருக்கிறது, அதை எடுத்தால் மற்றதெல்லாம் கூடவே போய்விடும் என்று என்னிடம் சொன்னார். ஒரு தாளில் ‘பழைய பைத்தானை எடுக்க வேண்டாம்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியும் வைத்தார். நான் அந்தத் தாளைத் தினமும் பார்த்தேன்.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம் அது. தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் மறுநாள் கணினிகளைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவர் அனுப்பிய பட்டியலில், காலாவதியான பழைய பதிப்புகள் எல்லாம் நீக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. மிஸ் அன்றைக்கு லீவு. அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தார். ஒரு வரிக் கட்டளைக்கு அவருக்காகக் காத்திருப்பதா, அவர் வந்தாலும் இதை வாசித்து முடிக்க ஒரு நாளாகும் என்று நினைத்தேன். இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து, பழைய பைத்தானை எடுக்கும் கட்டளையை எழுதினேன்.

பட்டியல் வந்தது. திரை நிறைந்து, மேலே ஓடி, இன்னும் ஓடியது. நான் கடைசி வரியை மட்டும் பார்த்தேன். தொடரலாமா என்று கேட்டது. ஒய் அழுத்தினேன்.

நீக்குகிறேன், நீக்குகிறேன் என்று வரி வரியாக வந்தது. அதில் இணையத் தொடர்பைப் பார்த்துக்கொள்ளும் பகுதியின் பெயர் ஓடியது. செய்தி அனுப்பும் மோடத்தோடு பேசுகிற பகுதியின் பெயரும் ஓடியது. அப்போதுதான் பயம் வந்தது. பாதியில் நிறுத்தினேன். பிறகு, கணினியையே ஒருமுறை நிறுத்தி இயக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து அதையும் செய்தேன். திரும்பி எழுந்தபோது வெறும் கறுப்புத் திரையும் ஒரு வெள்ளைக் கோடும்தான் இருந்தன.

உடனே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கூப்பிடவில்லை. நானும் ஒரு காலத்தில் நிரல் எழுதியவன்தானே என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மழை. ரிஸ்வான் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். மூன்றாம் முறை வரவில்லை. என்னிடம் கேட்காமலே அவருக்குப் போன் போட்டுவிட்டான்.

கிளினிக் வரிசையில் அம்மாவைப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, திரீவீலில் வந்து இறங்கினார். மாடிப்படியேறி வந்தவர் குடையை மடக்கவும் இல்லை.

“சார், அது என்ன கேட்டுச்சு? நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒய் போட்டேன்.”

 திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த தாளை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“மெசின் அப்புறம் பாக்கலாம். மொதல்ல போன் எடுப்போம்” என்றார்.

அலுமாரியில் இருந்து ஒரு கோப்பை எடுத்தார். பத்தொன்பது தோட்டத்திலும் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று மாதாமாதம் அவர் அச்செடுத்து வைத்திருந்த பட்டியல். அப்போது அங்கே இருந்த நாங்கள் மூவரும் ஆளுக்கு ஆறு தோட்டம், ஏழு தோட்டம் என்று பிரித்துக்கொண்டோம். மழைமானியைப் போய்ப் பாருங்கள், எவ்வளவு நிற்கிறது என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்க வேண்டியிருந்தது. வெலிமடைப் பக்கம் பயமில்லை. மொனராகலைக்கு இறங்குகிற பக்கத்துத் தோட்டங்களிலும் பரவாயில்லை என்றார்கள். தன்னுடைய தோட்டத்து மேல்பிரிவை அவரே எடுத்துக்கொண்டார். அங்கே லயத்துத் தலைவராக இருந்த ராஜேந்திரன் மிஸ்ஸுக்கு மாமா முறை. மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. நான்காம் முறை கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“மாமா, நாந்தான். மழமானியப் பாத்தீங்களா?”

“பாத்தேம்மா. நெறஞ்சு வழியுது.”

“அப்ப ஏன் இன்னும் லயத்துல இருக்கீங்க?”

“மெசேஜ் வரலியேம்மா. வந்தா போவோம்னுதான் எல்லாரும் போன கையில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கோம். நீதானே சொன்ன, மெசேஜ் வந்தா ஒரு நிமிசம் நிக்கக்கூடாதுன்னு.”

 அவர் குரல் மாறவில்லை.

“மெசேஜ் வராது மாமா. நா சொல்றேன், இப்பவே எறங்குங்க. சாமான் எடுக்க வேணாம். புள்ளைங்கள மட்டும் தூக்கிக்கிட்டு எறங்குங்க.”

“சோறு வெந்துகிட்டு இருக்கு, அத எறக்கி வச்சிட்டு...”

“அடுப்ப அணைச்சிட்டு எறங்குங்க மாமா.”

அப்போது நாலே கால். நிமிடத்தைக் கடிகாரத்தில் பார்த்து எழுதி வைத்தது ரிஸ்வான்.

அதன் பிறகுதான் அவர் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். இணையக் கம்பியை நேரடியாகச் செருகி, கையாலேயே தொடர்பை உண்டாக்கினார். எதை எடுத்தாலும் எடுத்ததையெல்லாம் அந்தக் கணினி ஒரு பதிவில் குறித்து வைத்திருக்கும். அந்தப் பதிவைத் திறந்து, நான் வாசிக்காமல் ஒய் போட்ட அதே பட்டியலை, முதல் பெயரிலிருந்து வாசித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திரும்ப நிறுவினார். ஒவ்வொன்றுக்கும் அது கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நின்று பார்த்துவிட்டு அழுத்தினார். நான் பின்னால் நின்றேன். உட்காரலாம் என்று தோன்றவே இல்லை.

அஞ்சரைக்கு ராஜேந்திரனே அழைத்தார். லயத்துக்குப் பின்னால் மேடு சரிந்துவிட்டது. காம்பரா என்கிற அறைவீடுகளில் கடைசி இரண்டும் மண்ணுக்குள் போய்விட்டன. ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், ஒருவரைத் தவிர. கடைசிக் காம்பராவில் இருந்த சரோஜா பாதித் தூரம் இறங்கிய பிறகு, கட்டிப்போட்டிருந்த பசுமாட்டை அவிழ்த்துவிடத் திரும்பி ஓடியிருக்கிறார். மாட்டை அவிழ்த்துவிட்டார். மாட்டுக்கொட்டில் சுவர் அவருடைய காலில் விழுந்தது. தூக்கிக்கொண்டு வருகிறோம், பாதை அடைபட்டிருக்கிறது என்றார் ராஜேந்திரன்.

“சரோஜாக்கா” என்று மட்டும் சொன்னார் மிஸ். அவருக்கு இரண்டு காம்பரா தள்ளி இருந்தவர். பிறகு பட்டியலில் விட்ட இடத்தைக் கண்டுபிடித்து அடுத்த பெயரை வாசித்தார்.

ஆறரைக்குக் கணினி எழுந்தது. தொடர்பு அறுந்திருந்த நேரத்து அளவுகளை மழைமானிகள் தங்களுக்குள் வைத்திருந்து, ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்கின. அவற்றையும் வாசித்தார்.

“ரெண்டு நாப்பதுக்கே எங்க தோட்டத்துல அளவத் தாண்டிருக்கு சார்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கணக்குப் போடுவதை எனக்கு விட்டுவிட்டார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். இரண்டு நாற்பதுக்குச் செய்தி போயிருந்தால், ஆற அமர மாட்டை அவிழ்த்துக்கொண்டு சரோஜா நடந்தே இறங்கியிருப்பார்.

கிளினிக் முடிந்து ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அம்மாவை ரிஸ்வான் போய்க் கூட்டிவந்தான். பசறை வீதி மூடிவிட்டார்கள். அன்றிரவு அவரும் அம்மாவும் பதுளையில் ரிஸ்வானின் சாச்சி வீட்டில் தங்கினார்கள். சரோஜாவின் கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது.

நான்காம் நாள் அறிக்கை எழுதினேன். மழையால் பார்வையிட வராமல்போன தொண்டு நிறுவனம் கேட்டிருந்தது. ‘எதிர்பாராத இயந்திரக் கோளாறு காரணமாக இரண்டு மணி முதல் சேவை தடைப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு பக்கம். பொறுப்பாளர் ஒப்பம், கணினிப் பொறுப்பு ஒப்பம் என்று இரண்டு கோடு. என்னுடையதை இட்டுவிட்டு அவருடைய மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் வாசித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். வாசித்து முடித்து, புருவத்துக்கு நடுவில் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டு கேட்டார்.

“இது நீங்க எழுதினதா சார்?”

“ஆமா. மிஸ், வேற மாதிரி எழுதினா உதவிய நிறுத்திருவாங்க. இந்த மழ தை வரைக்கும் இருக்கு. பத்தொம்பது தோட்டத்துக்கும் மெசேஜ் போகாது. அத யோசிச்சுப் பாருங்க.”

நான் சொன்னது பொய்யில்லை. என் வேலை போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் முழு உண்மையாக இருந்திருக்கும்.

“சரோஜாக்காகிட்ட யாராச்சும் சொன்னாங்களா?”

“அவங்ககிட்ட இப்ப போய் என்னத்தச் சொல்றது.”

அவர் திரும்பவும் முதல் பக்கத்தை எடுத்தார். இரண்டாம் முறையும் கடைசி வரிவரை வாசித்தார். பிறகு ஒப்பமிட்டு, தாள்கள் இரண்டையும் நேர்படுத்தி என்னிடம் தந்தார். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

உதவி நிற்கவில்லை. அந்த மழை முடியும்வரை அவர் ஒருநாள் கூட லீவு போடவில்லை. அந்தக் காலத்தில் அவர் கையால் போன செய்திகளால் இன்னும் இரண்டு தோட்டத்து ஆட்கள் நேரத்தோடு வெளியேறினார்கள். மாசியில் வெயில் வந்ததும் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்தார்.

“ஏன் மிஸ்?”

“களைப்பா இருக்கு சார். வாசிக்கத் தேவயில்லாத வேல ஒண்ணு பாக்கணும்.”

தடுக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது. சரி என்றேன்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு பகல் பதுளை பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். எல்லவில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிற வேலையாம். கொஞ்சம் சதை போட்டிருந்தார். அம்மா சுகமாக இருப்பதாகச் சொன்னார். அவருடைய பஸ் எடுக்கப் பத்து நிமிடம் இருந்தது. இதை இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

“மிஸ், அந்த அறிக்கை. ஒங்களையும் அதுல மாட்டி விட்டுட்டேன். ஒண்ணும் சொல்ல விடாம கையெழுத்துப் போட வச்சிட்டேன். அது என் பாவம், ஒங்களோடது இல்ல.”

அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“அப்படிச் சொல்லாதீங்க சார். எங்க அப்பா தெரியாம பெருவிரல் வச்சாரு. நா தெரியாம வைக்கல. ரெண்டுதரம் வாசிச்சேன்.”

பஸ்ஸின் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

“சரோஜாக்காகிட்ட நா சொல்லிட்டேன். வேலய விட்ட அன்னைக்கே போனேன். சார் ஒய் போட்டாரு, பொய்னு தெரிஞ்சே நா கையெழுத்துப் போட்டேன்னு உள்ளதச் சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. மாட்டுக்குத் தண்ணி வைக்கச் சொன்னாங்க. வச்சேன். அப்புறம் ஆறு மாசம் என்கூடப் பேசல. இப்ப பேசுறாங்க.”

நடத்துநர் பஸ்ஸைத் தட்டினார். அவர் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளியே குனிந்து சொன்னார்.

“நீங்களும் ஒருக்கா போய்ட்டு வாங்க சார்.”

பசறைக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். இரண்டு முறையும் தோட்டத்துப் பக்கம் போகாமல் பசறை டவுனில் இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.